கேட்பதற்கு ஓர் ஆள்

கீழ்வெண்மணி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1973-ஆம் ஆண்டு அளித்த தீர்ப்பில் ஒரு காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, கீழத்தஞ்சையின் அந்தக் கிராமத்தில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக, எரிந்து மாண்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெருநிலக்காரர்கள், அவர்களில் கார் வைத்திருப்பவரும் உண்டு. அத்தகையவர்கள் வேலையாட்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்து சென்று குடிசைகளுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்பது அந்தக் காரணத்தின் சாரம். அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள்.

கீழத்தஞ்சையில் பிறந்த பலரையும் போல நானும் இதை அநீதியின் சான்றாகவே முதலில் படித்தேன். இப்போதும் அப்படித்தான் படிக்கிறேன். ஆனால் ஒரு பெரிய நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பிறகு, அந்த வரிகளில் இன்னொன்றும் தென்படுகிறது. சொத்துள்ளவர் எதையும் தம் கையால் செய்ய வேண்டியதில்லை, ஆகவே எதற்கும் அவரைப் பொறுப்பாக்குவதும் எளிதில்லை என்ற ஒரு நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. அந்தத் தீர்ப்பு வந்த காலத்தில் அது ஒரு வழக்கின் முடிவாக மட்டும் இருந்தது. இன்று வேலை தருவது, கூலி நிர்ணயிப்பது, ஆளை நிறுத்துவது எல்லாம் அதே நம்பிக்கையின் மேல்தான் நடக்கின்றன. ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேசும்போது மேலே உள்ளவருக்கும் கீழே உள்ளவருக்கும் இடையே எத்தனை மடங்கு என்றே நாம் கேட்கிறோம். எத்தனை கை மாறி அந்தக் கூலி வருகிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பழைய தஞ்சை மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு விடை எளிதாக இருந்தது. பண்ணையாளுக்கு, நிலத்தின் உரிமையாளரான மிராசுதாரர் யார் என்று தெரியும். மிராசுதாரர் கும்பகோணத்திலோ மாயவரத்திலோ குடியிருந்துகொண்டு காரியக்காரரை வைத்து நிலத்தைப் பார்த்தாலும், அவர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பது தெரியும். கொடுமைக்கு ஒரு முகம் இருந்தது என்பதற்காக அந்தக் காலத்தை நல்ல காலம் என்று நினைக்க நான் தயாராக இல்லை. சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலம் அது. ஆனால் எதிரே ஓர் ஆள் இருந்ததால் அவரை உட்காரவைத்துப் பேச முடிந்தது. கன்னட நாட்டில் பிறந்து, 1940களில் இங்கு வந்து, தமிழ் கற்று, சேரிகளிலேயே தங்கி விவசாயிகள் சங்கத்தைக் கட்டிய பி. சீனிவாசராவும் அவருடைய தோழர்களும் செய்த முதல் பெரிய காரியம், மிராசுதாரர்களைப் பேச்சுவார்த்தைக்கு வரவைத்ததுதான். 1944-இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் சவுக்கடியும் சாணிப்பாலும் கைவிடப்பட வேண்டும் என்று எழுத்தில் வந்தது. பண்ணையாள் தரப்பு என்று ஒன்று இருப்பதையும், அதற்குப் பேசும் உரிமை உண்டு என்பதையும் மறுதரப்பு கையெழுத்திட்டு ஒத்துக்கொண்டது அதைவிடப் பெரிய செய்தி என்று எனக்குப் படுகிறது.

அதன் பிறகு வந்த சட்டங்களும் இந்த அடிப்படையில்தான் நின்றன. 1952-இல் ராஜாஜி ஆட்சியில் முதலில் அவசரச் சட்டமாக வந்த தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான அளவுக்கு மேல், நிலம் வைத்திருந்தவர்களைப் பொறுப்பாக்கியது. வெண்மணிக்குப் பிறகு அமைக்கப்பட்ட கணபதியா பிள்ளை ஆணையத்தைத் தொடர்ந்து 1969-இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1961-இல் 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று இருந்த நில உச்சவரம்பு 1970-இல் 15 ஆக இறங்கியது. பினாமிப் பெயர்களும் அறக்கட்டளைகளும் அதில் எத்தனை ஓட்டை போட்டன என்பது தனிக் கதை. ஆனாலும் அந்தச் சட்டங்கள் எல்லாம் ஒரு நிலத்தைக் காட்டி, அதன் உரிமையாளரைக் காட்டி, இவர் இவ்வளவு தர வேண்டும் என்று சொல்லக்கூடியவையாக இருந்தன. அறுவடைக்கு முன் தாலுகா அலுவலகத்தில் நிலக்காரர், சங்கம், அதிகாரி என்று மூன்று தரப்பும் உட்காரும் முத்தரப்புப் பேச்சு என்பது எங்கள் பக்கத்தில் மழை, வெயில் போல ஆண்டுதோறும் வரும் ஒன்றாக இருந்தது.

இப்போதும் முத்தரப்புக் கூட்டம் நடக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் அறுவடைக்கு முன் கூடுகிறார்கள். ஆனால் தொழிலாளர் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது அறுவடை இயந்திர உரிமையாளர் உட்கார்ந்திருக்கிறார். டயர் வண்டிக்கு மணிக்கு இவ்வளவு, பெல்ட் வண்டிக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகை அறிவிக்கப்படுகிறது. வானம் மூடிக்கொண்டு வந்தால் அந்த அறிவிப்பு காற்றில் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் பேசுவதற்கு ஒரு கூட்டமாவது இருக்கிறது. நடவுக்கோ களையெடுப்புக்கோ கூலி என்ன என்று பேச அப்படி ஒரு கூட்டம் நடந்து நான் அண்மையில் பார்க்கவில்லை. இயந்திரத்துக்குக் கிடைத்த இந்த மரியாதை மனிதருக்குக் கிடைக்காமல் போனதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. இயந்திர உரிமையாளர்கள் கூட்டாகப் பேசுகிறார்கள், நடவுப் பெண்கள் தனித்தனியாக அழைக்கப்படுகிறார்கள், அவ்வளவுதான்.

இயந்திரம் கதிர் அரிவாளை மட்டும் வாங்கிக்கொண்டு போகவில்லை. அறுவடைக் கூலி நெல்லாகக் கிடைத்தபோது, ஒரு குடும்பம் சம்பாவில் வாங்கிய நெல் அடுத்த சில மாதங்களுக்குக் குதிரில் இருந்தது. அந்த நெல் இருந்தவரை, நாளைக்கே வேலைக்கு வா என்று கூப்பிடுபவரிடம் வரவில்லை என்று சொல்ல ஒரு தைரியம் இருந்தது. கூலி பற்றிய பேரத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான சொத்து, சில நாள் வேலைக்குப் போகாமல் இருக்க முடிவது. பங்கு நெல் போய், நாள் கூலி வந்து, அதுவும் ஏக்கர் கணக்கில் மொத்தமாகப் பேசும் வழக்கம் வந்த பிறகு, அந்தச் சொத்து கரைந்துவிட்டது.

நூறு நாள் வேலை அதை ஓரளவு திருப்பித் தந்தது. 2006 பிப்ரவரியில் அந்தத் திட்டம் நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது நாகப்பட்டினமும் அவற்றுள் ஒன்று. 2025-26 நிதியாண்டில் தமிழ்நாட்டுக்கு அதன் கூலி நாளுக்கு 336 ரூபாய். இது பெரிய தொகையும் இல்லை, வேலை எல்லா நாளும் கிடைப்பதும் இல்லை, பணம் நேரத்துக்கு வருவதும் இல்லை. ஆனால் இதற்குக் கீழே கூப்பிட்டால் வரமாட்டோம் என்று சொல்ல ஒரு தரை கிடைத்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதை எங்கள் ஊர்ப் பெண்கள் முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்ததும் அதில்தான். அதனால்தான் நிலக்காரர்கள் கூடும் இடங்களில் எல்லாம், நூறு நாள் வேலை வந்து ஆள் கிடைக்காமல் போய்விட்டது என்ற புலம்பல் இத்தனை ஆண்டுகளாக ஓயாமல் கேட்டது. ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லும் எவரும் எவ்வளவு கூலிக்கு என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துவிட்டுப் போகிறேன். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குக் கொண்டுவரப்பட்ட புதிய சட்டம், ஆண்டுக்கு 125 நாள் என்று சொல்கிறது. கூடவே, விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் அதில் இடமிருக்கிறது. பேரம் பேசும் வலு மிக அதிகமாக இருக்கக்கூடிய நாட்கள் எவையோ, அந்த நாட்களில் தரை உருவப்படும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு நிலக்காரர் பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் என் குடும்பமும் அந்தப் பக்கத்தில்தான் நிற்கிறது, கொஞ்சம் நிலத்தோடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒருவர் சாகுபடி செய்யும் நிலத்தின் சராசரி அளவு 0.75 எக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. வரப்பில் நிற்கும் இன்றைய நிலக்காரரில் பெரும்பாலானோர் மிராசுதாரரின் வாரிசுகள் இல்லை. ஐந்து மா, ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் அளவே வைத்திருப்பவர்கள், அல்லது கோயில் நிலத்தையும் வெளியூர்க்காரர் நிலத்தையும் வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்து, சாகுபடிச் சான்றான அடங்கலை வாங்குவதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் நடையாய் நடப்பவர்கள். அவர் விற்கும் நெல்லின் விலை வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையத்தின் பரிந்துரையின் பேரில் டெல்லியில் முடிவாகிறது. 2025-26 பருவத்துக்கு, மாநில அரசின் ஊக்கத்தொகையையும் சேர்த்து, குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். உரத்தின் விலையும் டீசலின் விலையும் அவர் கேட்டு வருவதில்லை. மேட்டூர் ஜூன் 12-ஆம் தேதி திறக்குமா என்பதும் அவர் கையில் இல்லை; 2023-இல் ஜூன் 12-இல் திறந்த அணை அக்டோபரிலேயே மூடப்பட்டது, 2024-இல் ஜூலைக் கடைசியில்தான் திறந்தது. இப்படி எல்லா விலையும் வெளியே முடிவாகி வரும்போது அவர் பேரம் பேசிக் குறைக்கக்கூடியதாக மிஞ்சுவது ஒன்றே ஒன்றுதான். அது சேற்றில் நிற்கும் பெண்ணின் கூலி.

இரண்டு பேரும் எதிரெதிரே நின்று நூறு ரூபாய்க்குச் சண்டை போடுகிறார்கள். சாதியின் பழைய கணக்கு அந்தச் சண்டைக்கு உப்பும் காரமும் சேர்க்கிறது. அறுபது வயதுப் பெண்ணை இருபது வயதுப் பையன் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் குறைந்திருக்கிறதே தவிர ஒழியவில்லை. ஆகவே, இருவருமே பாதிக்கப்பட்டவர்கள் என்று சமன் செய்து பேசுவது பொய். நிலக்காரருக்கு நட்டமானால் நிலம் மிஞ்சும், பட்டா மிஞ்சும், அதை வைத்துக் கடன் கிடைக்கும். நடவுப் பெண்ணுக்கு வேலை போனால் மிஞ்சுவது சுயஉதவிக் குழுத் தவணையும் நுண்கடன் நிறுவனத்தின் வாரக் கெடுவும்தான். ஆனால் அந்த நூறு ரூபாயின் அளவை நிர்ணயித்தவர் அந்த வயலில் இல்லை என்பதும் உண்மை.

இதன் மிகத் தெளிவான வடிவத்தை நெல் கொள்முதல் நிலையத்தில் பார்க்கலாம். நெல்லைக் குவித்துவிட்டு, ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டாமல் இருக்கக் காயவைத்து, கிளறி, தார்ப்பாயால் மூடி, திறந்து, இரவு பகலாகக் காவல் கிடப்பவர் விவசாயி. அதைத் தூற்றி, 40 கிலோ மூட்டையாகப் பிடித்து, தைத்து, அடுக்கி, லாரியில் ஏற்றுபவர் சுமை தூக்கும் தொழிலாளி. பொது ரகத்தில் ஒரு மூட்டையின் விலை 2025-26 பருவத்தில் சரியாக ஆயிரம் ரூபாய். அதைச் சுமந்தவருக்கு மூட்டைக்கு 3 ரூபாய் 25 காசு என்றுதான் பல காலம் கூலி இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அரசு அதை 10 ரூபாயாக உயர்த்தியது. ஒரு மூட்டையைத் தூற்றிச் சுமப்பதற்கு 3 ரூபாய் 25 காசு போதாது என்பது கூலியை எழுதியவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. மிச்சத்தை விவசாயியிடம் வாங்கிக்கொள்வார்கள் என்பது எழுதப்படாத ஏற்பாடு. அப்படி வாங்கியது பல மடங்கு பெருகி, அதில் யார் யாருக்கோ பங்கு போய், கடைசியில் விவசாயியின் கோபம் முழுவதும் எதிரில் நிற்கும் சுமைக்காரர் மேல் விழுகிறது. பருவகாலப் பணியாளராக ஆண்டுக் கணக்கில் நிரந்தரமாகாமல் கிடக்கும் பட்டியல் எழுத்தர் இன்னொரு பக்கம் வசவு வாங்குகிறார். மூட்டைக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டு, அதைக் கூலியில் சேர்க்காமல் விட்ட மேசை எங்கே இருக்கிறது என்று அந்தக் களத்தில் நிற்கும் யாருக்கும் தெரியாது.

நான் வேலை பார்த்த நிறுவனமும் இதே ஏற்பாட்டில்தான் இயங்கியது, குளிரூட்டிய அறைகளில். இந்தியக் கம்பெனிகள் சட்டம், 2013-இன் 197-ஆம் பிரிவும் அதன்கீழ் வந்த விதிகளும், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும், தன் இயக்குநர் ஒவ்வொருவரின் ஊதியமும் ஊழியரின் இடைநிலை ஊதியத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதை ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும் என்கின்றன. நல்ல விதி. ஊழியர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவர் வாங்குவது எவ்வளவோ, அதுதான் இடைநிலை ஊதியம். அந்தக் கணக்குக்கு வேண்டிய பட்டியலை எடுத்துக் கொடுக்கும் வேலை எங்கள் பிரிவுக்கு வரும். அந்தப் பட்டியலில் வாசலில் நிற்கும் காவலர் இல்லை. கழிப்பறை கழுவும் பெண் இல்லை. உணவுக்கூடத்தில் தட்டு எடுப்பவர் இல்லை. கிடங்கில் பெட்டி தூக்குபவர் இல்லை. அவர்கள் எல்லாம் ஒப்பந்ததாரரின் ஆட்கள். அவர்களையும் வரிசையில் நிறுத்தியிருந்தால் நடுவில் நிற்பவர் வேறு ஒருவராக இருந்திருப்பார், மடங்கும் வேறாக இருந்திருக்கும். ஒரு துறையின் வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட ஆண்டில், யாருக்கும் ஒரு காசு கூட்டாமலேயே, அறிக்கையில் ஏற்றத்தாழ்வு குறைந்து தெரிவதை நான் கண்டிருக்கிறேன். கீழ்ப்படியில் நிற்பவர்களைக் கணக்கிலிருந்து நீக்கினால் சராசரி உயரம் கூடும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு.

அமெரிக்காவில் இந்த மடங்கு எப்படி வளர்ந்தது என்பதைப் பொருளாதாரக் கொள்கை நிறுவனம் என்ற ஆய்வமைப்பு ஆண்டுதோறும் கணக்கிடுகிறது. அந்நாட்டின் 350 பெரிய நிறுவனங்களில், 1965-இல் தலைமைச் செயல் அலுவலர் ஒருவர் சாதாரணத் தொழிலாளியைப்போல் சுமார் 21 மடங்கு வாங்கினார். 2023-இல் அது 290 மடங்கு. நம் நாட்டைப் பொறுத்தவரை, உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வு, 2022-23-இல் நாட்டின் வருமானத்தில் 22.6 விழுக்காடும் சொத்தில் 40.1 விழுக்காடும் மேலடுக்கில் உள்ள ஒரு விழுக்காட்டினரிடம் இருப்பதாகச் சொல்கிறது. இந்த எண்கள் செய்தித்தாளில் வரும் நாளில் பேச்சாகி மறுநாள் மறந்துபோகின்றன. ஏன் மறந்துபோகின்றன என்று யோசித்தால், அந்த ஒரு விழுக்காட்டினருக்கும் நமக்கும் நேரடிக் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லாததுபோல் தோன்றுவதுதான் காரணம் என்று படுகிறது. மிராசுதாரரின் குதிர் நிறைந்திருப்பதும் தன் பானை காலியாக இருப்பதும் ஒரே களத்துமேட்டில் நடந்த கணக்கு என்பது பண்ணையாளுக்குத் தெரிந்திருந்தது. இன்று அந்தக் களம் பல ஊர்களிலும் பல கம்பெனிகளிலும் சிதறிக் கிடக்கிறது.

நிறுவனங்களில் தலைமைப் பண்பு பற்றிய பயிற்சி வகுப்புகள் நிறைய நடக்கும். நானும் உட்கார்ந்திருக்கிறேன். தலைவர் என்பவர் முன்னின்று வழிகாட்ட வேண்டும், பொறுப்பை ஏற்க வேண்டும், கடைசி ஊழியர் வரை அறிந்திருக்க வேண்டும் என்று வண்ண வண்ணப் படங்களோடு சொல்லித் தருவார்கள். அதே கட்டடத்தில், காவலருக்கு இரண்டு மாதம் சம்பளம் வராதபோது, அது ஒப்பந்ததாரரின் பிரச்சினை, நாம் தலையிட்டால் சட்டச் சிக்கல் வரும் என்று எழுத்திலேயே பதில் வரும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், 21-ஆம் பிரிவில், ஒப்பந்ததாரர் கூலி தரத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே அதைத் தந்துவிட்டு, பிறகு ஒப்பந்ததாரரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. நடுவில் எத்தனை கை இருந்தாலும் வேலையின் பலனை அனுபவிப்பவர் பொறுப்பிலிருந்து நழுவக் கூடாது என்ற அறிவு அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு இருந்தது. 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே அந்தச் சட்டம் பொருந்தியது. அதன் இடத்துக்கு வந்து, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள புதிய தொகுப்புச் சட்டத்தில் அந்த எண்ணிக்கை 50 ஆகியிருக்கிறது. 49 பேரை வைத்து ஒப்பந்தம் எடுப்பவர்களின் தொகை இனிக் கூடும் என்று சொல்ல ஜோதிடம் தேவையில்லை.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நிலத்தை விட்டுத் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போனதில் ஒரு நியாயம் இருக்கிறது. வரப்பில் நிற்பவரின் குரலைக் கேட்காமல் வாழ முடிகிறது என்று அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். போனவர்களைக் குறை சொல்லி, கிராமம் காலியாகிறதே என்று கண்ணீர் விடும் எழுத்துகள் எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் அவர்களில் தஞ்சாவூரில் உணவு விநியோகத்துக்கு வண்டி ஓட்டும் ஓர் இளைஞர் சொன்னதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு நடைக்குக் கிடைக்கும் தொகை ஒரு நாள் காலையில் குறைந்திருந்தது. யார் குறைத்தது என்று தெரியவில்லை. செயலியில் புகார்ப் பெட்டி இருக்கிறது; எழுதினால் உடனே பதில் வருகிறது; அந்தப் பதிலை எழுதியது மனிதர்தானா என்பது தெரியவில்லை. அவருடைய தாத்தா களப்பால் பக்கம் சங்கக் கொடி பிடித்தவர். “தாத்தாவுக்குப் போய் நிக்கிறதுக்கு ஒரு வாசல் இருந்துச்சுண்ணே” என்றார். அமைப்புசாரா வேலைகளுக்கு நலவாரியங்கள் அமைப்பதில் முன்னால் நிற்கும் மாநிலம் இது. இவரைப் போன்றவர்களுக்கும் 2023-இல் நலவாரியம் வந்தது. விபத்துக்கும் கல்விக்கும் வாரியம் உதவும், அது வேண்டியதுதான். ஒரு நடைக்கு என்ன கூலி என்பதை வாரியத்தில் பேச முடியாது.

இப்படி எதிர்த்தரப்பு மறைந்துபோன இடத்தில் தொழிலாளர் பக்கத்தில் தலைமை என்பது என்னவாக இருக்க முடியும் என்ற கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆனால் அப்படிப்பட்ட தலைமையை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஒரு நடவு செட்டை நடத்தும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவருக்கு எந்தப் பதவியும் கிடையாது. இருபது பெண்கள் அவர் சொன்னால் வருவார்கள், அவர் வேண்டாம் என்றால் போகமாட்டார்கள். யார் வீட்டில் விசேஷம், யாருக்கு முதுகு வலி, யாருடைய தவணை எந்தக் கிழமை என்பதெல்லாம் அவர் மனதில் இருக்கும். வயதான பெண்கள் ஒரு நாளில் கொஞ்சம் குறைவாக நடுவார்கள் என்பது தெரிந்தும், ஏக்கர் கணக்கில் வரும் தொகையை அவர் தலைக்குச் சமமாகவே பிரிக்கிறார். இளம்பெண்கள் சிலருக்கு இதில் வருத்தம் உண்டு. வருத்தம் நியாயம் இல்லை என்று அவரும் சொல்வதில்லை. “நாளைக்கு உனக்கும் முதுகு வலிக்கும்டி” என்று மட்டும் சொல்வார். தம் பங்கையும் அதே அளவுக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் கூட்டத்தில் தலைவருக்கும் தொழிலாளிக்கும் உள்ள மடங்கு ஒன்று.

அவருக்கும் இப்போது நெருக்கடி வந்திருக்கிறது. சில ஆண்டுகளாக மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆண்கள் குழுவாக வந்து டெல்டாவில் நடவு நடுகிறார்கள். நடவு என்றால் பெண்கள் வேலை என்றே பழகிய ஊரில் முதலில் அது ஒரு காட்சியாக இருந்தது. சாலையில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் வயலோரக் கொட்டகையிலோ மோட்டார் அறையிலோ தங்கி, விடியலில் இறங்கி, ஒரே நாளில் ஏக்கர்களை முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் கொண்டுவருபவர் ஒரு தரகர். நிலக்காரர் பணத்தைத் தரகரிடம் கொடுக்கிறார், தரகர் அவர்களுக்குக் கொடுக்கிறார். அந்தத் தரகரே பிறகு உள்ளூர் செட்டுகளுக்கும் வேலை பிடித்துத் தரத் தொடங்கினார். வங்காளத்துக்காரர்கள் இவ்வளவுக்குத்தான் நடுகிறார்கள், உங்களுக்கு எப்படிக் கூட்டிக் கேட்பது என்று அக்காவிடம் சொல்வார். எங்கள் ஊர் டீக்கடையில் வடநாட்டு ஆட்களால்தான் கூலி கெட்டது என்ற பேச்சு சூடாக ஓடியது. வெளியூர்க்காரரைக் காட்டி உள்ளூர்க்காரரின் கூலியை அமுக்குவதும், அந்தக் கோபத்தை வெளியூர்க்காரர் மேல் திருப்பிவிடுவதும் உலகம் முழுவதும் முதலாளிகள் செய்து பழகிய வேலை. இங்கே கைப்பேசி வைத்திருக்கும் ஒரு தரகராலேயே அதைச் செய்ய முடிந்தது.

அக்கா அந்தப் பேச்சில் சேரவில்லை. அவருடைய தம்பி மகன் குவைத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவர், இந்தி பேசுவார். கடந்த தாளடி நடவின்போது அவரை அழைத்துக்கொண்டு, பக்கத்து வயலில் நட்டுக்கொண்டிருந்தவர்கள் சோறு தின்ன உட்கார்ந்த நேரத்தில் அக்கா போனார். ஏக்கருக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள் என்று கேட்கச் சொன்னார். அவர்கள் சொன்ன தொகை, தரகர் சொல்லியிருந்ததைவிட அதிகம். பிறகு நிலக்காரரிடமே போய், தரகருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டார். அதற்கும் அவர்கள் வாங்கியதற்கும் இடையே ஏக்கருக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. நிலக்காரருக்கு ஆத்திரம், அந்த வெளியூர்க்காரர்களுக்கும் ஆத்திரம். மூன்று தரப்புக்கும் மூன்று தொகை சொல்லப்பட்டிருந்தது, மூன்று தரப்பும் ஒரே வரப்பில் நின்றும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அதன் பிறகு கூலி ஒன்றும் பெரிதாக ஏறிவிடவில்லை. தரகர் கொஞ்ச நாள் எங்கள் பக்கம் வராமல் கோட்டூர்ப் பக்கம் வேலை பிடித்தார், பிறகு திரும்பி வந்தார், இப்போது ஏக்கருக்குத் தம் தரகு இவ்வளவு என்று வெளிப்படையாகச் சொல்லி எடுத்துக்கொள்கிறார். அக்கா ஒவ்வொரு நடவுக்கும் முன் மூன்று பக்கமும் கேட்டுத் தொகையைத் தெரிந்துகொண்ட பிறகே ஆள் அனுப்புகிறார். சுற்றுப்பட்டில் வேறு இரண்டு செட்டுகளும் அவருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பேசுகின்றன. அடுத்த குறுவைக்கு வங்காளத்துக் குழுவின் ஆளையும் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்டுப் பார்க்கலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது. அவர்கள் எந்தத் தேதியில் ரயில் ஏறுவார்கள், எந்த ஊரில் முதலில் இறங்குவார்கள் என்பது தெரியாததால் அது இன்னும் முடிவாகவில்லை.